எண் இல்லாத ஏழு மரங்கள்

எங்கள் சாலையில் யாராவது மரத்துக்கு எண் போட்டால் நான் சும்மா விட மாட்டேன். பெயின்ட் டப்பாவோடு ஒரு ஆள் புளியமரத்தைச் சுற்றி வந்தால் போதும், டீ ஆற்றிக்கொண்டிருக்கிற கை தானாக நின்றுவிடும். யாருப்பா நீ, எந்த ஆபீசு, எதுக்கு இது என்று கேட்காமல் அவனுக்கு ஒரு கிளாஸ் டீ கொடுக்க மாட்டேன். நான் பிறக்கும்போதே சந்தேகமும் இரட்டைப் பிள்ளையாகக் கூடப் பிறந்தது என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். அப்படி ஒன்றும் பிறக்கவில்லை. ஒவ்வொரு ஜீப்பாக வந்து எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டுப் பிரிந்து வயல் பக்கம் போகிற சாலையில்தான் எங்கள் பிழைப்பு. நாலு தகரம், ஒரு பாய்லர், ஒரு பெஞ்சு, இது என் டீக்கடை. அந்த நாலு தகரம் அகலம்தான் எங்களுக்குச் சொந்தமான நிலமும், கடைக்குப் பின்னாலேயே வீடு. அதற்குப் பத்தடி தள்ளி ஒரு பெரிய புளியமரம். அதன் அடியில் என் வீட்டுக்காரருடைய பஞ்சர் கடை. கடை என்று சொல்வதே ஜாஸ்தி. உட்கார ஒரு பலகை, காற்றடிக்கிற மிஷின், ட்யூபை முக்கிப் பார்க்க ஒரு பேசின். கிளையில் ஒரு பழைய டயர் தொங்கும், அதுதான் போர்டு. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவருக்கு இடது கால் சூம்பிப்போனது. காலையில் பலகையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவார். சாலை ஓரம் அரசாங்க நிலம். அங்கே கொட்டகை போட்டால் பிரித்துவிடுவார்கள். இரண்டு தடவை பிரித்தும் இருக்கிறார்கள். ஆனால் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற கால் வராத மனுஷனை எழுந்து போ என்று சொல்ல எந்த ஆபீசருக்கும் மனசு வராது. ஆக, மரம் இருந்தால் அவருக்குக் கடை உண்டு. மரம் போனால் கடை போச்சு. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

என் நைனா காலத்தில்தான் முதல் ஜீப் வந்தது. ஊரைக் கூட்டி, காடு வளர்க்கணும், அப்போதுதான் மழை வரும் என்று ஒருவர் மைக்கில் பேசினார். ஏரிக்குள் கருவேலங்கன்று, புறம்போக்கில் தைலமரக் கன்று. நைனா கூலிக்குக் குழி எடுத்தார். நானும் கூடப் போய் அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். தைலமரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்தன. பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் கீழே போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது, ஊரில் உண்டு என்றார்கள். எத்தனையோ வருஷம் கழித்து இன்னொரு வண்டி வந்தது. தைலமரம் தண்ணீரை உறிஞ்சுகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாட்டு மரம் வைக்கணும் என்று வேறு ஒருவர் அதே குரலில் பேசினார். வேரைத் தோண்டவும் நைனாதான் போனார். வைக்கச் சொன்னதும் அவர்கள்தான், பிடுங்கச் சொன்னதும் அவர்கள்தான், நமக்கு இரண்டு தடவை கூலி என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் வந்தவர் பொய் சொன்னாரா, பிறகு வந்தவர் பொய் சொன்னாரா, இல்லை இரண்டு பேருமே தெரியாமல் பேசினார்களா? மூன்றில் எதுவாக இருந்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மலைக் கதையும் அப்படித்தான். நான் சிறுமியாக இருந்தபோது மலை பெரும்பாலும் மொட்டைப் பாறை. அம்மா புல்லறுக்கப் போவாள். காவலுக்கு வருகிறவர் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வார். அம்மா கெஞ்சிக் கூத்தாடி அதை மீட்டுக்கொண்டு வருவாள். பிறகு துணிப்பை மாட்டிய ஆட்கள் வந்தார்கள். சிலர் வெள்ளைக்காரர்கள், சிலர் மெட்ராஸ்காரர்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து மலைமேல் கன்று நட்டார்கள். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. கூலி வாங்காமல் வெயிலில் ஒருவன் குழி எடுத்தால் அவனுக்கு வேறு கணக்கு இருக்கிறது என்றுதான் பேசினோம். மலையை வளைத்துப் போடப் போகிறார்கள், வேலி கட்டப் போகிறார்கள், பாறைக்குக் கீழே ஏதோ இருக்கிறது, இப்படி வாய்க்கு வந்த கதையெல்லாம் என் கடை பெஞ்சிலேயே உருவானது. நானும் என் பங்குக்கு இரண்டு சேர்த்தேன்.

இன்றைக்கு மலை பச்சையாக இருக்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன், எனக்குக் கண் இருக்கிறது. கோடையில் தீப் பிடித்தால் அந்தத் துணிப்பைக்காரர்கள்தான் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடினார்கள். ஆனால் கன்று வைத்த இடத்தில் புல்லறுக்கக் கூடாது என்றதால் அம்மாவுக்கு அதற்கப்புறம் மலையில் வேலை இல்லாமல் போனது. முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்த ஆபீசர்களும் துணிப்பைக்காரர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து கன்று நட ஆரம்பித்தார்கள். எப்போது கூட்டாளி ஆனார்கள், எங்களை விட்டுவிட்டு என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் சந்தேகம் முளைக்காமல் என்ன முளைக்கும்?

புளியமரங்களுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் சாலை ஓரத்து ஒவ்வொரு மரத்திலும் கறுப்புப் பட்டை அடித்து வெள்ளையில் எண் எழுதியிருக்கும். வருஷா வருஷம் புளியை ஏலம் விடுவார்கள், எண்ணைச் சொல்லித்தான் ஏலம். எண் உள்ள மரத்தில் ஒரு கிளையை ஒடித்தால்கூடக் கேள்வி வரும். அப்போது எண் என்றால் காவல். பிறகு முதல் தடவையாகச் சாலையை அகலமாக்க வந்தார்கள். வெள்ளை எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார்கள். எதுக்கு என்று கேட்டேன். சும்மா கணக்கெடுப்பு என்றார்கள். அந்த மாசம் முடிவதற்குள் கோடு இழுத்த மரமெல்லாம் லாரி ஏறிப் போய்விட்டது. எங்கள் கடை இருக்கிற பக்கம் மட்டும் அந்தத் தடவை தப்பியது.

அந்தச் சமயத்தில் ஒரு கூட்டம் வேனில் வந்து மரத்தடியில் உட்கார்ந்தது. பறை அடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. நானும் பாய்லரை அணைத்துவிட்டுப் போய் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டேன். முழங்கையெல்லாம் எறும்பு பிடுங்கியதுதான் மிச்சம். பேப்பரில் படம் வந்தது. படம் வந்த மறுநாள் கூட்டம் பாதியானது, அதற்கு மறுநாள் வேன் கிளம்பியது. திரும்பி வருவோம் அக்கா என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மரம் அறுக்கிற மிஷின் வந்தது, அவர்கள் வரவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? மரத்தில் எண்ணைப் பார்த்தாலே எனக்கு ஆகாமல் போனது. மரத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் அதைவிட ஆகாது.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் மறுபடியும் பேச்சு எழுந்தது. பௌர்ணமிக் கூட்டம் தாங்கவில்லை, பஸ்ஸும் வேனும் எங்கள் சாலை வழியாகத் திரும்பணும், அதனால் எங்கள் பக்கத்தையும் அகலமாக்கப் போகிறார்கள் என்று. இப்போது எங்கள் மரமும் கணக்கில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க வேலை இல்லாத நேரத்தில் தலையை அண்ணாந்து கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஸ்கூட்டியில் வந்தாள், கூட இரண்டு பேர். பறை இல்லை, பதாகை இல்லை, துணிப்பையும் இல்லை. கோஷம் போடாத போராட்டக்காரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு செல்போன், ஒரு அளவு டேப், ஒரு பெட்டி நிறைய அலுமினியத் தகடு. ஒவ்வொரு மரத்தையும் சுற்றளவு எடுத்து, செல்லில் படம் பிடித்து, எண் குத்திய தகட்டை ஸ்பிரிங் வைத்த கம்பியால் மரத்தில் கட்டினாள். மரம் பெருத்தால் ஸ்பிரிங் கொடுக்குமாம், பட்டை அறுபடாதாம்.

என் கடையில் டீ குடித்தபடி விளக்கினாள். இப்போதெல்லாம் உட்கார்ந்து போராடினால் நடக்காது அக்கா, கணக்கோடு போனால்தான் கேட்கிறார்கள் என்றாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு நாலு திங்கட்கிழமை மனு கொடுத்து அலைந்திருக்கிறாள். வயதான மரங்களைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள், அதிகாரிகளோடு சேர்ந்து ஒருநாள் நேரில் சரிபார்ப்போம், பட்டியலில் இருக்கிற மரத்தை விட்டுவிட்டுச் சாலையை ஒதுக்கிப் போடப் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். தகடு இருந்தால் மரம் இருக்கும் என்றாள். நான் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. முன்னாடி மரத்துக்குப் போட்ட எண் மரத்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்று எனக்குத் தெரியும். ஆபீசரும் போராட்டக்காரியும் சேர்ந்து ஒரே பட்டியல் போடுகிறார்கள் என்றால், ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். அவளுக்கு எட்டவில்லை என்று தன் ஸ்டூலைக் கொடுத்து, அது ஆடாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டார். எங்கள் மரத்துக்கு முப்பத்தொன்று. எண் நல்லா இருக்குதா அண்ணா என்று அவள் கேட்க, வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். அவள் போன பிறகும் சாயங்காலம் வரைக்கும் அந்தத் தகட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் உள்ளே இருந்து பொருமிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து சாலை வேலைக்கு ஜல்லி இறக்க வந்த லாரி டிரைவர் ஒருவர் என் கடையில் வடை தின்றுகொண்டே மரங்களைப் பார்த்தார். "நம்பர் போட்டாச்சா? அப்ப சீக்கிரம் வேலைய ஆரம்பிச்சிடுவாங்க" என்றார். அவர் எதையும் மனசில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். டிரைவருக்கு என்ன தெரியும்? ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மரத்தைக் காப்பாற்ற எங்கள் ஊரில் ஒரு பழைய வழி உண்டு. மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு சூலத்தை நட்டு, சிவப்புப் பாவாடை கட்டிவிட்டால் அது அம்மன். ஆனால் முதல் தடவை சாலை போட்டபோது அந்த மாதிரி திடீர் அம்மன்கள் நாலைந்து பேரைப் பூஜை போட்டு, மாலை மரியாதையோடு இடம் மாற்றிவிட்டார்கள். அந்த வழி செத்துப்போனது. நான் வேறு ஒன்றை யோசித்தேன். வடை மடிக்கிற பேப்பரை எல்லாம் மடிக்கும் முன்னால் படித்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆபீசுகள் எப்படி நடக்கின்றன என்று எனக்கு ஒரு நினைப்பு. ரிஜிஸ்டரில் இல்லாத பொருளை அரசாங்கம் தொடாது. எண் இருந்தால்தான் ஏலம், எண் இருந்தால்தான் வெட்டு. எண்ணே இல்லாத மரத்தை எந்தக் கணக்கில் வெட்டுவான், எந்தக் கணக்கில் லாரியில் ஏற்றுவான்? வெட்டினால் அவன் வேலை அல்லவா போகும்! இதை நினைத்ததும் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவர் தன் மூன்று சக்கர வண்டியில் ட்யூப் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். சாலையில் ஈ, காக்கை இல்லை. அவருடைய கட்டிங் பிளேயரை எடுத்தேன், ஸ்டூலை எடுத்தேன். எங்கள் மரத்துக் கம்பியை நறுக்கினேன். ஸ்பிரிங் துள்ளிக் கன்னத்தில் அடித்தது. அப்புறம்தான் யோசனை வந்தது: எங்கள் மரத்தில் மட்டும் தகடு இல்லை என்றால் முதலில் எங்களைத்தானே சந்தேகப்படுவார்கள்? ஊரையே சந்தேகப்படுகிறவளுக்கு ஊர் எப்படிச் சந்தேகப்படும் என்று சொல்லியா தர வேண்டும்? அதனால் முனை வரைக்கும் நடந்து, இன்னும் ஆறு மரத்துத் தகட்டைக் கழற்றினேன். மொத்தம் ஏழு. ஒரு சிமெண்ட் சாக்குக் காகிதத்தில் சுற்றி வீட்டில் அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன்.

சாயங்காலம் அவர் பலகையில் உட்கார்ந்ததும் தகடு இல்லாததைக் கவனித்தார். காற்றில் விழுந்திருக்கும் என்றேன். ஸ்பிரிங் வைத்த கம்பி காற்றில் விழுமா என்று அவர் கேட்கவில்லை. அப்படியா என்றார், அவ்வளவுதான். அப்போது எனக்கு அவர் மேல் எரிச்சல்கூட வந்தது. எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷன், இவரை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்று.

ஒரு வாரம் போனது. கீழ்பென்னாத்தூரில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. காலையிலேயே கிளம்பிப் போய்விட்டேன். சாயங்காலம் பஸ் இறங்கிக் கடைக்கு நடந்து வந்தால், பூட்டிக் கிடந்த கடை பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் பத்தடி தள்ளிப் பலகையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் அந்த நேரில் சரிபார்க்கிற நாள். எனக்குத் தெரியாது. அதிகாரி, அளக்கிறவர், இவள், எல்லாரும் ஒவ்வொரு மரமாகத் தகட்டையும் பட்டியலையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். முப்பது வரைக்கும் எல்லாம் சரி, எல்லா மரமும் தப்பித்துவிட்டன. முப்பத்தொன்றிலிருந்து தகடு இல்லை. செல்லில் எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறாள். படத்தில் இருப்பது எந்த மரமோ, இங்கே தகடு எங்கே என்று அதிகாரி கேட்டிருக்கிறார். யாராவது கழற்றியிருந்தால் அது குற்றம், போலீசில் எழுதிக் கொடுக்கிறேன், விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம்; கழற்றவில்லை என்றால் பட்டியல் தப்பு, இந்த ஏழையும் அடித்துவிடுகிறேன் என்றிருக்கிறார். நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். இவள் ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறாள்.

"அண்ணன் கண்ணு முன்னாடிதான் கட்னோம். அவருதான் ஸ்டூல புடிச்சினு இருந்தாரு" என்றாள் அந்தப் பெண். "இங்க எதுவும் கட்லீங்கன்னு சொல்லிட்டாருக்கா. ஆபீசருகிட்ட. என் மூஞ்சியப் பாத்துனே சொன்னாரு."

பஸ்ஸில் வந்த களைப்பெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. தகட்டைக் கழற்றியவள் நான். ஆனால் அது அவருக்குத் தெரியாது என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்? தெரியாத மனுஷன் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? தன் மரத்துக்குத் தானே எதற்காகக் குழி பறிக்க வேண்டும்? என் புத்தி எந்த வழியில் பழகியதோ அந்த வழியில்தான் ஓடியது. சாலை வேலை எடுத்தவன் ஆட்கள் இரண்டு மூன்று தடவை அவரிடம் வந்து டயர் பார்த்தது ஞாபகம் வந்தது. ஒருவன் அவர் தோளில் கை போட்டுச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. பேசி முடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே, பால் ஊற்ற வந்தவரும் வண்டியை நிறுத்திய இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நடுச்சாலையில் நின்று கேட்டேன்.

"எவ்ளோ வாங்கன? சொல்லுயா. மரத்த விக்கறதுக்கு உனக்கு எவ்ளோ குட்த்தாங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சக்கரம் கையில் சுற்றிக்கொண்டே இருந்தது. பதில் சொல்லாததே எனக்குப் பதிலாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். பெண்டாட்டியே கேட்கிறாளே, அப்புறம் என்ன சாட்சி வேண்டும்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அன்றிலிருந்து நாலு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். ஐந்தாம் நாள் ஒரு ஆள் சிவப்புப் பெயின்ட்டோடு வந்தான். முனை மரத்திலிருந்து ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு எண்ணத் தெரியாதா? ஏழாவதாக எங்கள் மரத்தில் கோடு இழுத்தபோது, அவர் இடம் விட்டுப் பலகையோடு நகர்ந்து உட்கார்ந்தார், அவன் கைக்குத் தோதாக இருக்கட்டும் என்று. முப்பதாவது மரத்தின் தகடு வெயிலில் பளிச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த மரத்தை அவன் தொடக்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. தகடு இருந்தால் மரம் இருக்கும். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தி வந்து உண்மையைச் சொல்லியிருக்கிறாள், அவளைத்தான் நான் நம்பவில்லை. அவர் பணம் வாங்கினாரோ இல்லையோ, வெட்டியது என் கை. எங்கள் மரத்தோடு இன்னும் ஆறு மரம், அதுவும் என்மேல் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக!

போலீசுக்குப் போனால் போகிறேன் என்று முடிவெடுக்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. பயந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காதவள் நான். கடைசியில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். தகடு ஏழையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடலாம், ஆபீசரிடம் என்னையே இழுத்துக்கொண்டு போகட்டும் என்று அரிசி டிரம்மை நகர்த்தினேன்.

கீழே தரை மட்டும்தான் இருந்தது. காகிதமும் இல்லை, தகடும் இல்லை.

எலி இழுத்ததா, திருடன் வந்தானா என்று பைத்தியம் மாதிரி வீட்டைப் புரட்டினேன். பிறகு வெளியே வந்து பார்த்தேன். அவர் மரத்தடியில் பேசினில் ட்யூபை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். அவர்தான் பேசினார், தண்ணீரைப் பார்த்தபடியே.

"அத எப்பவோ ஏரியில போட்டுட்டேன். ஆபீசரு வந்தாரே, அன்னிக்கே. போலீசு வூட்டாண்ட வந்து தேடனா மாட்டிப்பியேன்னு."

டிரம்மில் ரேஷன் அரிசியைக் கொட்ட நகர்த்தினபோது முன்னாடியே பார்த்துவிட்டாராம். ஏன் கேட்கவில்லை என்றேன். நீ எதாவது யோசனையாகத்தான் செய்திருப்பாய் என்று விட்டுவிட்டேன் என்றார். அதிகாரி போலீஸ் என்று சொன்னதும் அவருக்கு என் ஞாபகம்தான் வந்ததாம். கட்டவே இல்லை என்று சொல்லிவிட்டால் கழற்றியவர் என்று ஒருத்தர் இருக்க முடியாது அல்லவா?

"மரம் போனா போவுது" என்றார். "உன்ன ஸ்டேஷன்ல கொண்டு போயி உக்கார வெப்பாங்களா? நான் பாத்துனு இருப்பனா?"

அப்புறம் ட்யூபைத் திருப்பி முக்கிக்கொண்டே, "அந்தப் பொண்ணுதான் பாவம். நான் துட்டு வாங்கனேன்னு நெனச்சினு போயிருக்கும்" என்றார். நான் நடுச்சாலையில் கேட்ட கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் டவுனுக்குப் போனேன். தேரடித் தெருப் பக்கம் ஒரு மாடியில் அவர்களுக்கு ஓர் அறை. அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். உட்காருங்கள் என்று சொன்னாள், ஆனால் பழைய சிரிப்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். லாரி டிரைவர் சொன்னது, பிளேயர், ஏழு மரம், அரிசி டிரம், ஏரி. என் வீட்டுக்காரர் ஒரு பைசா வாங்கவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்றேன். ஆபீசருக்கு எழுதிக் கொடுக்கிறேன், கைநாட்டு இல்லை, கையெழுத்தே போடுகிறேன் என்றேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். கன்னத்தில் கை வைத்து, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பெயின்ட் டப்பாவோடு வருகிற ஆளை நான் பார்க்கிற பார்வை.

"தகடு எங்கக்கா?"

"ஏரியில போட்டுட்டாரும்மா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இத யாருக்கா வந்து சொல்லச் சொன்னாங்க?"

யாரும் இல்லை என்றேன். அவள் சரிக்கா என்றாள். தேதி முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, மீதி மரங்களையாவது பார்த்துக்கொள்கிறோம் என்றாள். அடுத்த சாலைக்குத் தகடு கட்டும்போது ஊர்க்காரர்கள் யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போவதில்லையாம். கட்டியதையும் கேமரா வைத்துக் கண்காணிக்கப் போகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. முடிவு செய்துவிட்ட முகம். பால் மாதிரி இருந்த ஒரு பெண்ணை ஒரே மாசத்தில் என்னை மாதிரி ஆக்கிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பொண்ணு நம்பிச்சா என்று. நம்பிச்சு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத் தெரியும், நல்ல பொண்ணு அது, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ளும் என்றார். அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகவே சாப்பிட்டார்.

வியாழக்கிழமை மிஷின் வந்தது. ஏழு மரமும் ஒரே நாளில் முடிந்தன. இப்போது அவர் கடை, இன்னும் கொஞ்சம் தள்ளி, சிறுபாலத்துக் கட்டைச் சுவரை ஒட்டி இருக்கிறது. ஒரு பெரிய குடை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு மேல் குடை நிழல் அவரை விட்டு நகர்ந்துவிடும். அவரும் பலகையோடு கூடவே நகர்வார். மத்தியானம் தலையில் ஈரத் துண்டு. எழுந்து போ என்று எந்த ஆபீசர் எப்போது சொல்வாரோ என்று நான் ஒவ்வொரு ஜீப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மீதி மரங்களைப் பார்க்க அந்தப் பெண் மாசத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் சாலை வழியாகப் போகிறாள். ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே அவருக்குத் தெரிந்துவிடும். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, கையைத் தூக்கி ஆட்டுவார். அவள் நேராகப் பார்த்தபடி போய்விடுவாள்.

"வேகமா போவுது, பாக்கல" என்பார் அவர்.

"ஆமா, பாக்கல" என்பேன் நான்.